மங்குஸ்தான் உரித்த விரல்

எங்கள் கல்லூரியில் புள்ளியியல் துறை என்று ஒன்று இருந்தது. இப்போதும் அதே அறை, அதே நாற்காலிகள், அதே நான். வாசல் பலகையில் மட்டும் தரவு அறிவியல் துறை என்று எழுதியிருக்கிறது. நான் நடத்தும் சராசரியும் திட்டவிலக்கமும் கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் பலகை மாறிய நாளிலிருந்து, சுற்று வட்டாரத்தில் யார் எந்த ஆராய்ச்சி ஆரம்பித்தாலும் என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் மைக்செட்காரரைக் கூப்பிடுவது மாதிரிதான். நான் இல்லாமலும் கல்யாணம் நடக்கும், ஆனால் நடந்த மாதிரி இருக்காது.

குற்றாலம் ஆராய்ச்சியும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. அதற்குத் தலைவர் பக்கத்துக் கல்லூரியின் வணிகவியல் பேராசிரியர். சீசன் வியாபாரிகளின் கொள்முதல், விற்பனை பற்றி மட்டும் எழுதத்தான் அவர் முதலில் நினைத்திருந்தார். பல துறைகள் சேர்ந்து செய்தால்தான் நிதி என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்கள். உடனே மருத்துவத்துக்கு ஓர் அரசு டாக்டர், உயிரியலுக்கு எங்கள் கல்லூரி விலங்கியல் ஆசிரியை, தரவுக்கு நான் என்று ஆள் சேர்த்தார். சீசன் வியாபாரிகளின் தொழிலும் உடல்நலமும் என்று தலைப்பும் வைத்தாயிற்று. அருவியில் குளிக்க வருகிறவர்களைப் பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், அவர்களுக்கு விற்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை என்று பேராசிரியர் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தவை அதிகம் இல்லை என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

கேள்வித்தாள் தயாரிக்கிற கூட்டங்களை நான் மறக்க மாட்டேன். ஒவ்வொருவரும் தங்கள் துறைக்கு இடம் பிடிப்பதிலேயே குறியாக இருந்தார்கள். கடைசியில் அது வாசிக்க அரை மணி நேரம் பிடிக்கிற தாளாக வந்து நின்றது. யார் இவ்வளவு நேரம் நின்று பதில் சொல்வார்கள் என்று கேட்டேன். நம்ம ஊர் ஜனங்கள் சொல்லுவாங்க மேடம் என்றார் பேராசிரியர். அதில் அவர் சொன்னதே நடந்தது. கூடவே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கையடக்க மிஷினில் சர்க்கரை பார்ப்பது என்று முடிவானது. குத்துவதற்கு முன் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் விரலைத் துடைக்க வேண்டும். எல்லா முகாமிலும் அப்படித்தான் செய்கிறார்கள், நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டோம்.

ஆடி மாதச் சாரலில் வேலை ஆரம்பித்தது. கூட்டம் குறைவாக இருக்கும் வார நாட்களில், காலையிலேயே தென்காசியிலிருந்து கிளம்பிவிடுவோம். மிஷினையும் ரத்தச் சொட்டை வைக்கிற பட்டைகளையும் நனையாமல் பிளாஸ்டிக் பைக்குள் பை வைத்துச் சுற்றி, டாக்டர் அனுப்பிய நர்ஸ் மடியிலேயே வைத்திருப்பார். சிப்ஸ் கடை, டீக்கடை, பொம்மைக் கடை, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், பழக்கடைகள் என்று வரிசையாகப் போனோம். எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சிகளின் விரலில் ஊசி நிற்காமல் வழுக்கியதால், அவர்களை மட்டும் சோப்பு போட்டுக் கழுவி வரச் சொன்னார் நர்ஸ். மற்றவர்களுக்குப் பஞ்சுதான். பக்கத்தில் அத்தனை தண்ணீர் கொட்டுகிறது, சாலையோரக் கடைகளில் கை கழுவ ஒரு குழாய் கிடையாது. குற்றாலத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் கடை போட்டிருந்த ஓர் அக்காவை முதல் வாரத்திலேயே பார்த்தோம். ஐம்பதைத் தாண்டிய வயது, இலத்தூர்க்காரர். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மங்குஸ்தான், ரம்புட்டான், பலாச்சுளை, கொஞ்சம் மாம்பழம், இவ்வளவுதான் கடை. மங்குஸ்தானை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்துவார், தோல் வாய் பிளந்து வெள்ளைச் சுளை எட்டிப் பார்க்கும். அதை அப்படியே நம் கையில் வைத்துவிடுவார். வாங்குவதும் வாங்காததும் அப்புறம்.

எங்களுக்கும் வைத்தார். வேலையாக வந்திருக்கிறோம், பழமெல்லாம் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று நான் கொஞ்சம் விறைப்பாகவே சொன்னேன். அவர் சிரித்தபடி, நீங்க பழம் தின்னாதான் நான் ரத்தம் குடுப்பேன் என்றார். தின்றோம். அன்று சாரல் கனமாக இருந்தது, பசியும் இருந்தது, பழமும் அவ்வளவு நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் இதுவே வழக்கமாகிவிட்டது. கேள்வித்தாள் முடிகிற வரைக்கும் அவர்கள் உரித்து உரித்துக் கொடுப்பார்கள், நாங்கள் தின்றுகொண்டே எழுதுவோம், முடிந்ததும் அதே கையை நீட்டுவார்கள், நர்ஸ் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்துவார். வீட்டுக்கு வந்தவர்களை வெறுங்கையோடு பார்த்துக்கொண்டிருக்க எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியாது. நானும் இந்தப் பக்கத்துக்காரிதான், எனக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை.

ரத்தத்தில் சர்க்கரை அதிகம் இருந்தவர்களுக்கு டாக்டர் சொன்னபடி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தோம். மிஷின் காட்டிய அளவைக் குறித்து, அரசு மருத்துவமனைக்குப் போய் மறுபடியும் பரிசோதனை செய்துகொள்ளவும் என்று அதில் இருக்கும். அந்த அக்காவின் அளவு முந்நூறைத் தாண்டியிருந்தது. அவர் சீட்டை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். உறுதிதானா என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால்தான் உறுதி என்று நர்ஸ் சொன்னார். அவர் வேறெதுவும் கேட்கவில்லை, சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதிர்ச்சியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சீசன் முடிந்து தரவு முழுவதும் என் கணினிக்கு வந்தது. வரைபடம் போட்டுப் பார்த்தபோது பழக்கடைக்காரர்கள் மட்டும் தனியாக மேலே போய் நின்றார்கள். டீக்கடைக்காரர்கள், எண்ணெய்க்காரர்கள், சிப்ஸ் வறுக்கிறவர்கள் எல்லோரும் கீழே ஒரே கூட்டமாக இருந்தார்கள். பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விற்காத பழத்தை யார் சாப்பிடுவார்கள், விற்கிறவர்கள்தானே, கொள்முதல் சரியில்லாததால் வரும் நோய் இது என்று அன்றைக்கே ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டார். வணிகமும் மருத்துவமும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது. வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பினார், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. உண்மையான தரவு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. மனிதர்கள் ஒரு வரிசையில் நில்லுங்கள் என்றால் நிற்கிறவர்களா? பத்துப் பேரில் ஒருவராவது மாறி நிற்பார். இங்கே வயது, எடை, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்பதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாமல், பழக்கடை வைத்திருந்தால் சர்க்கரை என்று வந்தது. கணக்கை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் அதுவே வந்தது. கணக்கில் தப்பில்லை என்றால் கணக்குக்கு வெளியே இருக்க வேண்டும். அது எங்கே என்றுதான் பிடிபடவில்லை, அந்த எரிச்சலை வீட்டில் காட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் காட்டுவதற்கு என் கணவர் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு முன் தானே விரலைக் குத்திப் பார்த்து எழுதி வைத்துக்கொள்வார், அந்த விஷயத்தில் என்னைவிட ஒழுங்கானவர். ஒரு ஞாயிறு அவருடைய நண்பர் சீசன் கடைசி மங்குஸ்தான் ஒரு பை கொண்டுவந்து கொடுத்திருந்தார். எனக்கும் மகளுக்கும் உட்கார்ந்து உரித்துக் கொடுத்துவிட்டு, சர்க்கரை பார்க்கப் போனார். மிஷின் காட்டிய எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு அதுவரை வராத அளவு அது.

பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். உரிக்கிற சாக்கில் எத்தனை சுளை வாய்க்குள் போயிற்று என்று கேட்டேன். ஒத்தச் சுளை வாயில வைக்கல என்றார். நான் நம்பவில்லை, நம்பவில்லை என்பதைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். மகளும் என் பக்கம் சேர்ந்துகொண்டாள். அவர் எழுந்து போனார். வாஷ்பேசினில் சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார், கோபத்தில் கழுவுகிறார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. துடைத்துவிட்டு வந்து, என் முன்னால் உட்கார்ந்து வேறு விரலைக் குத்தினார். எப்போதும் அவருக்கு இருக்கிற அளவு வந்தது. மிஷினை என் முகத்துக்கு நேரே நீட்டி, இப்ப என்ன சொல்லுதே என்று கேட்டார்.

என் கண்ணுக்கு முன்னால் குற்றாலத்துக் கடை வரிசை முழுவதும் கை நீட்டிக்கொண்டு நின்றது. ரத்தத்தில் இல்லாத சர்க்கரை விரலில் இருந்திருக்கிறது. பழச்சாறு காய்ந்து தோலில் ஒட்டியிருக்கிறது, பஞ்சு அதை எடுக்கவில்லை, ரத்தச் சொட்டு அதையும் சேர்த்துக்கொண்டு மிஷினுக்குள் போயிருக்கிறது. எண்ணெய்க்காரர்கள் தப்பியதற்குச் சோப்புதான் காரணம். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு விலங்கியல் ஆசிரியைக்கு போன் செய்தேன். என் கணவரிடம் சாயங்காலம் மன்னிப்புக் கேட்டேன், மறுநாள் மீன் குழம்பும் வைத்தேன். மீன் குழம்புக்குத்தான் பேச ஆரம்பித்தார்.

விலங்கியல் ஆசிரியை என் பேச்சை மட்டும் நம்புகிறவர் இல்லை. திங்கட்கிழமை ஆய்வகத்தில் பழங்களை வாங்கி வைத்து, ஆசிரியர்கள் நாலைந்து பேர் விரலைக் குத்திக்கொண்டோம். உரிப்பதற்கு முன், உரித்துப் பஞ்சால் துடைத்த பின், சோப்பு போட்டுக் கழுவிய பின் என்று ஒவ்வொருவருக்கும் மூன்று முறை. நடுவில் ஏறியது, கடைசியில் இறங்கியது. மாம்பழமும் பலாவும் மங்குஸ்தானுக்குக் குறைந்தவை இல்லை. மத்தியானத்துக்குள் எங்கள் ஆராய்ச்சியின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு காலி. விருந்து கொடுத்தவர்களுக்கு நாங்கள் வியாதி கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

அந்த வாரக் கூட்டத்தில் பேராசிரியரின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கருத்தரங்குக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டார். ஆய்வின் வரம்புகள் என்ற பகுதியில் இதை ஒரு வரியாகப் போட்டுவிட்டால் என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டர் வயதில் எங்கள் எல்லோரையும்விடச் சின்னவர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"சார், பேப்பர் கெடக்கட்டும். அவங்க கையில சீட்டு குடுத்துருக்கோம். அத வச்சு யாரு வீட்டுல என்ன நடந்துருக்கோ, நமக்குத் தெரியாதுல்லா."

அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை. சீட்டு வாங்கிய ஒவ்வொருவரையும் தேடிப் போய், சோப்பு போட்டுக் கை கழுவ வைத்து, மறுபடி பார்த்து, உண்மையைச் சொல்வது என்று முடிவானது. பேராசிரியர் பயணத்தை ரத்து செய்தார், தன் காரையும் எங்களுக்குக் கொடுத்தார். அவரைப் பற்றி இதுவரை கிண்டலாகவே எழுதிவிட்டேன், இதையும் எழுதிவிட வேண்டும்.

ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டது. கடைகள் பாதிக்கு மேல் சாத்தியிருந்தன. காரின் பின்னால் ஒரு கேன் தண்ணீரும் சோப்பும் வைத்துக்கொண்டு நானும் நர்ஸும் வீடு வீடாக அலைந்தோம். சீட்டு வாங்கியதிலிருந்து டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்ட ஒரு அண்ணாச்சி, இத்தனை நாள் குடித்த கசப்புக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்னொருவர் இன்னும் மேலே போய்விட்டார். சீட்டு வாங்கிய பிறகு, சர்க்கரையைக் குறைக்கும் என்று சிறுகுறிஞ்சான் பொடி சாப்பிட்டிருக்கிறார். அப்புறம் ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரையே இல்லை. தானே பொடி இடித்துப் பொட்டலம் கட்டி, நானே சாட்சி என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். உங்களுக்கு முதலிலேயே சர்க்கரை இல்லை என்று நான் விளக்கியதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அட்டையை எடுக்கவில்லை.

இலத்தூரில் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவரின் கை நின்றுவிட்டது. இப்போது மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றேன். விதிப்படி ஒவ்வொரு தடவையும் சம்மதம் கேட்டு, விருப்பமில்லை என்றால் மறுக்கலாம் என்பதையும் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தேன். அவர் அதைக் கவனமாகக் கேட்டார். சரி என்று எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினார். அளவு சாதாரணமாக இருந்தது. ஒரு குறையும் இல்லை அக்கா என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். மற்ற வீடுகளில் இந்த இடத்தில் சிரிப்பார்கள், திட்டுவார்கள், காபி போடுவார்கள். இவர் நர்ஸைப் பார்த்து, கொஞ்சம் வெளிய இருக்கியளா என்று கேட்டார்.

நர்ஸ் காருக்குப் போனதும் கதவைச் சாத்தினார். அவருக்கு ஒரே தம்பி, ஊரிலேயே இருக்கிறான், லோடு வண்டி ஓட்டியவன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், தென்காசி ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு தடவை ரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருக்கிறான். அவன் மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை, அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அக்காவின் வகை சேர்ந்தது. அவர் ஒரு சிறுநீரகம் கொடுப்பது என்று சித்திரையில் குடும்பமே முடிவு செய்துவிட்டது. திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய் மேல் பரிசோதனைகள் செய்ய நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் சீட்டு வந்தது. சர்க்கரை உள்ளவர்கள் கொடுக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போய் உறுதி செய்யாமல், அந்தச் சீட்டை மட்டும் வீட்டில் காட்டியிருக்கிறார். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது.

எங்கள் தப்பால் ஒரு மனிதனுக்கு இத்தனை மாதம் போய்விட்டது என்றுதான் முதலில் பட்டது. நான் தம்பி வீட்டுக்கு இப்போதே வந்து விளக்குகிறேன், டாக்டரையும் கூட்டி வருகிறேன் என்று அவசரப்பட்டுச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"டீச்சர், அந்தச் சீட்டு வந்த அன்னைக்கி நான் கோயிலுக்குப் போயித் தேங்கா ஒடச்சேன்" என்றார். "எனக்குச் சுகரு வந்ததுக்கு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. விலை சொல்கிற மாதிரியே சொன்னார். அறுக்கிற நினைப்பே பயமாக இருக்கிறது, கண்ணை மூடினால் மேஜையில் படுத்திருக்கிற மாதிரி வருகிறது, தம்பியை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது, இரண்டையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றார். தூக்கி வளர்த்த தம்பி, கொடுக்க மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் பிறந்த வீட்டுப் படியை மிதிக்க முடியுமா? சீட்டு வந்தபோது கடவுளே பார்த்துச் செய்ததாக நினைத்திருக்கிறார். கடவுள் இல்லை, மங்குஸ்தான் என்று நான் வந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"நீங்களா இருந்தா குடுப்பீயளா?" என்று கேட்டார்.

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு, என் வீட்டில் கேட்டால் தெரியும். அன்று மட்டும், தெரியவில்லை அக்கா என்றுதான் சொன்னேன். உண்மையாகவே தெரியவில்லை. எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான்.

"தெரியலன்னு சொல்ல ஒங்களால முடியுது. எங்கிட்ட யாருமே கேக்கல டீச்சர். அக்கா இருக்காள்லா, குடுப்பாள்னு அவியளே பேசி முடிச்சிட்டாவ. ஒத்தச் சொட்டு ரத்தத்துக்கு நீங்க இம்புட்டு வாசிச்சுக் காட்டி, சம்மதமான்னு கேக்கீய. வேண்டாம்னாலும் சரிங்கீய. கிட்னிக்கு அப்படி ஒரு ஆளு எங்கிட்ட கேக்கலயே."

சாத்திய கதவுக்கு வெளியே மழை வலுத்தது. இந்த அளவு உங்களுடையது, உங்கள் அனுமதி இல்லாமல் யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று சொன்னேன். அதைச் சொல்வது எளிதாக இல்லை. காரில் திரும்பும்போது நர்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டார், தலைவலி என்றேன். எனக்கு அந்தத் தம்பியின் மேல் பரிதாபமாக இருந்தது. அக்காவின் மேல் கோபம் வருமா என்று எனக்குள்ளேயே தேடிப் பார்த்தேன், வரவில்லை. எங்கள் மேல்தான் வந்தது. ஒருவருக்குப் பொய்யாக நிம்மதி கொடுத்து, அதைப் பிடுங்கிக்கொள்ளவும் நேரில் போயிருக்கிறோம்.

அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு டாக்டரிடம் மட்டும் சொன்னேன். டாக்டர் எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னார். உறுப்பு கொடுக்க வருகிறவர்களைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் தனி அறையில் உட்கார வைத்து, குடும்பம் இல்லாமல், மனதார விருப்பமா என்று கேட்பார்கள். இல்லை என்றால், உடல் தகுதியில்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்வார்கள். காரணம் வெளியே போகாது. அந்த அக்கா இப்படியே பொய்ச் சர்க்கரையோடு இருந்தால் காலம் முழுக்கப் பயந்துகொண்டே இருப்பார், என்றைக்காவது யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ப் பார்த்துவிடுவார்கள், அதைவிட அந்த அறைக்குப் போய்வரட்டும் என்றார்.

மறுபடி இலத்தூருக்குப் போய் இதைச் சொன்னேன். அவர் நான் சொல்லி முடித்த பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். என்னையக் கேப்பாவளா, என்னைய மட்டும் வச்சா கேப்பாவ என்று. ஆமாம் என்றேன். அதற்கு மேல் நான் செய்ய ஒன்றும் இல்லை. கொடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ என் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். எங்கள் ஆராய்ச்சி திருத்திய அட்டவணைகளோடு ஒரு வழியாக முடிந்தது. பழக்கடைக்காரர்கள் மற்றவர்களோடு கூட்டத்தில் வந்து சேர்ந்துகொண்டார்கள். விரலைக் கழுவாமல் குத்தக் கூடாது என்பதைத்தான் தனிக் கட்டுரையாக எழுதினோம், பேராசிரியர் தன் பெயரைக் கடைசியில் போடச் சொன்னார்.

மாசி மாதம் என் கணவருக்கு மாத்திரை வாங்கத் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ரத்தம் சுத்திகரிக்கிற வார்டுக்கு வெளியே பெஞ்சில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். திருநெல்வேலிக்குப் போனதையும், தனி அறையில் ஒரு டாக்டரம்மா கேட்டதையும் சொன்னார். என்னால் முடியாது, பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அவர்கள் தகுதியில்லை என்று எழுதிக் கொடுக்கிறோம் என்றார்களாம்.

"நான்தான் வேண்டாம்னுட்டேன் டீச்சர். ஒருக்கச் சொல்லிட்டேம்லா, பொறவு என்னத்துக்கு இன்னொரு பொய்யி? வெளிய வந்து அவங்கிட்ட நானே சொன்னேன். முடியலலே, பயமா இருக்குலேன்னு."

தம்பி அன்றிலிருந்து பொங்கல் வரைக்கும் இவரோடு பேசவில்லை. அம்மா இன்னும் பேசவில்லை. பெயரைப் பதிந்து காத்திருக்கிறார்கள், யாரோ முன்பின் தெரியாதவர் இறந்து, அவருடைய சிறுநீரகம் கிடைத்தால் உண்டு. பொங்கல் கழித்து ஒரு நாள் தம்பியே போன் செய்து, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரிக்கு முடியாது, நீ வருதியா என்று கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து இவர்தான் வருகிறார். வாரத்தில் அந்த நாட்களில் கடை போடுவதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே வார்டின் கதவு திறந்தது. நான் நினைத்ததைவிட இளைய ஆள், முகம் வெளுத்திருந்தது, ஊசி போட்ட கையில் கட்டு. அக்கா எழுந்து நின்று, இவியதான் நான் சொன்ன டீச்சர் என்றார். அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

"எங்க அக்கா சரியான பயந்தாங்கொள்ளி டீச்சர்" என்றான். சொல்லும்போது சிரித்தான், ஆனால் அவரைப் பார்க்கவில்லை.

"ஆமாலே, பயந்தாங்கொள்ளிதான்" என்றார் அக்கா. அவன் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டார். அவன் கையை விலக்கிக்கொள்ளவில்லை.